லாந்தரைத் துடைப்பவர் யார்? கேம் உலகில் சாதா ஆட்களும் லெஜண்டுகளும்

நான் முதலில் செய்த கேமில் ஏழு மாவீரர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு வாள், கவசம், பட்டப்பெயர், ஒரு பக்க அளவுக்கு வாழ்க்கை வரலாறு. ஊர் என்று ஒன்றும் இருந்தது. அதில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நின்றதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகள் அரை மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த ஊர்ல சோறு யார் ஆக்குறாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அந்த ஃபோல்டரை மூடி வைத்தவன்தான், இன்றுவரை திறக்கவில்லை.

பகலில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். கேம் செய்வது இரவு வேலை. பெரிய நிறுவனத்தில் இருந்த அனுபவம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்த ஏழு வீரர்களைத் தூக்கிப்போட்ட பிறகு எப்படித் தொடங்கினேன் என்பதைச் சொல்லலாம். புதிதாக கேம் உலகம் கட்ட உட்காருகிறவர்களுக்கு இரண்டு மூன்று மாதமாவது மிச்சமாகும்.

ஒரு சொல் விளக்கம். கதைக்குள் இருக்கும் மக்களே வாயாரப் பேசும் அளவுக்குப் பேர்போன ஆளை இங்கே லெஜண்ட் என்கிறேன். மற்ற எல்லோரும் சாதா ஆட்கள். பிளேயர் ஆடும் பாத்திரம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

1. ஊரை அல்ல, ஒரு வளைவை எடுங்கள்

கண்டம், ராஜ்ஜியம், ஆயிரம் ஆண்டு வரலாறு என்று தொடங்காதீர்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. என் இரண்டாவது கேமுக்கு அப்படி ஒரு மலைச்சாலையைக் கற்பனையாக வைத்துக்கொண்டேன். அதிலும் 13ஆம் வளைவு மட்டும். ஒரு டீக்கடை, ஒரு பஸ் நிறுத்தம், மிளகுக்கொடி ஏறிய மரங்கள், கீழே சரிவில் நாலு வீடு. ஒரு திரையில் அடங்கும்.

இடம் சிறியதாக இருந்தால்தான் அங்கே யார் எப்போது இருக்கிறார் என்று உங்களால் கணக்கு வைக்க முடியும். அடுத்த வேலையே அந்தக் கணக்குதான்.

2. சாதா ஆட்களுக்கு ஒரு நாள் கொடுங்கள்

ஒவ்வொருவருக்கும் மூன்று வரி எழுதுங்கள்: கையில் என்ன வைத்திருக்கிறார், இன்றைய கவலை என்ன, எந்த நேரம் எங்கே இருப்பார். பிறந்த ஊர், பால்ய காலத் துயரம் எல்லாம் வேண்டாம். அவற்றை யாரும் படிக்கப் போவதில்லை.

நேரம்தான் மந்திரம். 2000இல் வந்த மஜோராஸ் மாஸ்க் கேமில் மொத்தமே மூன்று நாள். அந்த மூன்று நாளும் திரும்பத் திரும்ப வரும். ஊர்க்காரர்கள் அவரவர் மணிக்கு அவரவர் இடத்தில் இருப்பார்கள். தபால்காரர் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் ஓடுவார் என்று ஆடுகிறவருக்கு மனப்பாடமாகிவிடும். 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலியை ஒரே ஆள் செய்தார். அதிலும் கிராமத்து மக்களின் நடமாட்டம் கிழமை, மழை, பருவம் பார்த்து மாறும். ஒரு ஆளால் முடிகிற வேலைதான் என்பதற்காகச் சொல்கிறேன். அவருக்கு நாலு வருடத்துக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு மணிக்கணக்கு வேண்டாம். காலை, உச்சி, மாலை, இரவு என நாலு பொழுது போதும். ஏழு பேருக்கு நாலு பொழுது என்றால் 28 கட்டம். கட்டத்துக்கு மூன்று வசனம் வைத்தால் 84. இதை ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். எழுத எழுத, யார் யாரோடு ஒரே பொழுதில் ஒரே இடத்தில் இருக்கிறார் என்பது தானாகத் தெரியும். டீக்கடைக்காரம்மாவும் கண்டக்டரும் தினமும் உச்சியில் சந்திக்கிறார்கள் என்றால் அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தே தீரும்.

84 வசனம் அதிகமாகத் தெரிந்தால் ஆளைக் குறையுங்கள், வசனத்தைக் குறைக்காதீர்கள். 2011இல் வந்த ஸ்கைரிமில், முழங்காலில் அம்பு பட்ட பழைய கதையைக் காவலர்கள் ஊர் ஊராகச் சொல்வார்கள். முதல்முறை கேட்கும்போது அது ஒரு மனிதனின் வாழ்க்கை. இருபதாவது முறை உலகமே சேர்ந்து சிரித்துவிட்டது.

3. லெஜண்டை ஆறு வேலையாகப் பிரியுங்கள்

இந்தப் படியில்தான் எனக்குக் கதவு திறந்தது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சேலத்திலிருந்து வடக்கே தருமபுரி, செங்கம் என்று போனால் நடுகற்கள் நிறைய. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். அதை நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். உரைகளுக்குள் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. நமக்கு வேண்டிய அளவுக்கு, தகுந்த கல்லைக் கண்டுபிடிப்பது, நாள் பார்த்து வேலையைத் தொடங்குவது, கல்லை நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, பாடி வாழ்த்துவது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆறில் ஒன்றையும் வீரன் செய்யவில்லை. செய்யவும் முடியாது, முதல் வேலை தொடங்குவதற்கு முன்பே அவன் செத்துவிட்டான். கல் தேடிப் போனதிலிருந்து பாட்டுக் கட்டியது வரை எல்லாம் ஊர்க்காரர்கள் வேலை. அந்த ஏழு மாவீரர்களுக்கு நான் எழுதிய ஏழு பக்கமும் ஏன் செத்துக் கிடந்தது என்று அப்போது புரிந்தது. கல் நடுவதற்கு அந்த ஊரில் ஆள் இல்லை.

ஆகவே லெஜண்டை எழுதும் முன் ஆறு வேலைக்கு ஆறு சாதா ஆட்களை நியமியுங்கள். என் 13ஆம் வளைவில் இப்படி வந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு பெருமழை இரவில், பஸ்ஸின் முன்னால் லாந்தரோடு நடந்து அடிவாரம் வரை வழிகாட்டிக் கூட்டிப்போனார் ஒருவர். ஊர் அவரை லாந்தர்க்காரர் என்கிறது. கேம் தொடங்கும்போது அவர் உயிரோடு இல்லை.

அவர் லாந்தரைப் புதரில் கண்டெடுத்தவர் ஒரு சாலைப் பணியாளர். மாட்டலாமா வேண்டாமா என்று பேச்சை ஆரம்பித்து நாள் குறித்தவர் பழைய டிரைவர். வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடியைத் துடைப்பவர் டீக்கடை அக்கா. சுவரில் ஆணி அடித்து மாட்டியவர் கொத்தனார். சிமெண்ட் பாக்கி இன்னும் வரவில்லை என்ற கடுப்பு அவருக்கு. இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு பத்து ரூபாயோ கொஞ்சம் எண்ணெயோ வைப்பவர் காப்பிக்கொட்டை லாரி ஓட்டும் பையன். ஒவ்வொரு டிரிப்பிலும் சுற்றுலாக்காரர்களுக்குக் கதை சொல்பவர் கண்டக்டர்.

பார்த்தீர்களா, லெஜண்ட் இன்னும் திரைக்கு வரவே இல்லை. ஆனால் பிளேயர் ஒரு சுற்று சுற்றி வந்தால் ஆறு பேரிடமிருந்து அவரைக் கேள்விப்பட்டிருப்பார். கதை பிளேயருக்குத் தெரிய எல்லோரும் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இதில் வசதி. டீக்கடை அக்காவின் வசனம் இது மட்டும்தான்:

"கண்ணாடியில புகை படிஞ்சா பார்க்க நல்லாவா இருக்கு? அதான் தொடைக்கிறேன். நீ டீயைக் குடி, ஆறுது."

ஆறு பேரும் பக்தியோடு செய்ய வேண்டும் என்றில்லை. ஒருவர் கடமைக்கு, ஒருவர் காசுக்கு, ஒருவர் வீட்டில் சொன்னதற்காக. எல்லோரும் உருகினால் ஊர் பொய்யாகிவிடும்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் இருக்கும் பல்லவர் காலத்து நடுகல் ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று நாயின் பெயர், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தி, இரண்டையும் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு நாய்க்குப் பெயர் வெட்ட வேண்டும் என்று உளி பிடித்த யாரோ, அல்லது கூலி கொடுத்த யாரோ, முடிவெடுத்திருக்கிறார். உங்கள் கேமிலும் யாரும் எதிர்பார்க்காத ஒன்றுக்கு அப்படி ஒரு பெயர் வெட்டிப் பாருங்கள். வீரனை மறந்தாலும் நாயை மறக்க மாட்டார்கள்.

4. உண்மையை நோட்டில் மட்டும் எழுதுங்கள்

எங்கள் தெருவில் பற்றவைப்பு வேலையில் பேர்போன பெரியவர் ஒருவர் இருந்தார். இப்போது இல்லை. வெள்ளியின் தரத்தை அவர் காதாலேயே கண்டுபிடிப்பார் என்று பட்டறையில் சொல்வார்கள். கல்லில் போட்டால் எழும் சத்தத்தை வைத்து இதில் எவ்வளவு செம்பு என்று சொல்லிவிடுவாராம். இன்னொருவர், நாக்கில் வைத்தே சொன்னதைத் தானே பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார். அவர் வீட்டம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "அவருக்குக் கண்ணு மங்கி ரொம்ப நாளாச்சு தம்பி. வெளிய தெரிஞ்சா வேலை குடுக்க மாட்டாங்கன்னு தட்டித் தட்டிப் பார்ப்பாரு" என்றார்.

மூன்றும் ஒரே ஆள். குறையை மறைக்கச் செய்த காரியம் ஊர் வாயில் வித்தையாகிவிட்டது. அவருக்குக் காது கூர்மை என்பதும் பொய்யில்லை.

இதையே செய்யுங்கள். நடந்தது இதுதான் என்று நோட்டில் ஒரு பத்தி எழுதி மூடி வையுங்கள். பிறகு அதை மூன்று வாயில் கொடுங்கள்: கண்ணால் பார்த்தவர், கேட்டவர், கூட வாழ்ந்தவர். மூவரும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். யாருமே வேண்டுமென்று பொய் சொல்லக் கூடாது. என் நோட்டிலிருந்து:

கண்டக்டர்: "சார், அன்னைக்கு மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. முன்னாடி அவரு, பின்னாடி பஸ்ஸு. ஒரு சின்னக் கல்லுகூட டயர்ல படலை சார்."

பழைய டிரைவர்: "வைப்பர் ஓடலை. ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது, அது பின்னாடியே போனேன். அதுக்கு மேல கேக்காதப்பா."

லாந்தர்க்காரரின் மகள்: "அப்பாவுக்கு இருட்டுன்னா பயங்கண்ணா. லாந்தர்ல எண்ணெய் தீரப் போகுது. பஸ் வெளிச்சத்துல நடந்தா பாம்பு தெரியும்னு நடந்தாரு. பஸ்ஸுதான் அவருக்கு வழி காட்டுச்சு."

மகளின் வசனத்தை எங்கேயும் கட்டாயமாக்காதீர்கள். தேடிப்போனவருக்கு மட்டும் கிடைக்கட்டும். டார்க் சோல்ஸ் கேமில் ஆர்ட்டோரியஸ் என்ற வீரன் பாதாள இருளை வென்றான் என்பது அந்த உலகின் கதை. 2012இல் வந்த கூடுதல் பகுதியில், அவன் அந்த இருளிடமே தோற்றுப்போனதையும், வென்றது பிளேயர்தான் என்பதையும், பேர் மட்டும் அவனுக்குப் போய்விட்டதையும் பார்க்கலாம். ஆனால் யாரும் உட்கார வைத்து அதை விளக்க மாட்டார்கள்.

5. லெஜண்டுக்கு யாராவது சோறு போட வேண்டும்

உங்கள் லெஜண்ட் உயிரோடு இருக்கிற கேம் என்றால் இந்தப் படி. அவர் தினமும் யாரை நம்பி வாழ்கிறார் என்று எழுதுங்கள். சமைப்பவர், துணி துவைப்பவர், குதிரைக்குத் தீனி வைப்பவர், கடன் கொடுத்தவர், யாராவது ஒருவர்.

தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். போரில் பிடிக்க முடியாதவரைச் சமையல்காரர் காட்டிக்கொடுத்ததாகத்தான் வழிவழியாகச் சொல்கிறார்கள். எப்போது சாப்பிடுவார், எங்கே ஆயுதத்தைக் கழற்றி வைப்பார் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. கேம் செய்கிறவனாக அந்த அடுப்படியைப் பார்க்கிறேன்: கோட்டைச் சுவரில் ஏறுவதைவிட நல்ல குவெஸ்ட் (பிளேயர் செய்து முடிக்க வேண்டிய பணி) அங்கே இருக்கிறது. பிளேயர் அந்தச் சமையல்காரராக ஆடினால்? கடைசி நாளின் காலையில் அடுப்புப் பற்றவைப்பதிலிருந்து தொடங்கினால்?

2015இல் வந்த விட்சர் 3இல் நாயகன் பேர்போன அசுர வேட்டைக்காரன். ஆனாலும் கிராமத்து ஆட்களோடு கூலிக்குப் பேரம் பேசுவான். அந்தப் பேரம்தான் அவனை நம்ப வைக்கிறது.

6. சாதா ஆள் லெஜண்டாக வழி விடுங்கள்

இதற்குக் கொஞ்சம் நிரல் எழுத வேண்டும், பயப்படும் அளவுக்கு இல்லை. 2014இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோரில், உங்களைக் கொன்ற பெயர் தெரியாத படைவீரன் அதனாலேயே பதவி உயர்வு பெற்று, பெயரோடு திரும்பி வந்து உங்களைக் கேலி செய்வான். அவனைப் பெரிய ஆளாக்கியது உங்கள் தோல்வி. அது பெரிய குழுவின் வேலை. நமக்கு அதன் ஏழை வீட்டு வடிவம் ஒன்று இருக்கிறது. நான் அதற்கு 'பேச்சு' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு எண். 0 என்றால் தெரியாது, 1 என்றால் கேள்விப்பட்டார், 2 என்றால் பார்த்தார். பிளேயர் ஒரு காரியம் செய்யும்போது அந்தப் பொழுதில் அங்கே இருப்பவர்களுக்கு 2. அடுத்த பொழுதில் அவர்களோடு ஒரே இடத்தில் இருக்கும் 0 எல்லாம் 1 ஆகும். அவ்வளவுதான். இரண்டாம் படியில் போட்ட கட்டம் இங்கே கை கொடுக்கும்.

வசனம் எழுதும்போது ஒரு விதி: பார்த்தவர் அடக்கிச் சொல்வார், கேட்டவர் ஏற்றிச் சொல்வார். பிளேயர் டீக்கடைக்குள் வந்த சாரைப்பாம்பு ஒன்றைக் கழியால் தள்ளிவிட்டார் என்று வையுங்கள். அக்கா "ஒரு சாரை வந்துச்சு, தள்ளிவிட்டாரு" என்பார். மாலையில் கண்டக்டர் அதை நல்லபாம்பு ஆக்குவார். மறுநாள் காலை லாரிப் பையன் பிளேயரைப் பார்த்ததும் இரண்டு நல்லபாம்பு என்பான். தன்னைப் பற்றிய கதையைத் தானே கேட்டு, மறுப்பதா சிரித்துவிட்டுப் போவதா என்று பிளேயர் தயங்கும் அந்த இடம் கிடைத்துவிட்டால் போதும், பெரிய எதிரியோடு மோதும் பாஸ் சண்டை தேவைப்படாது.

வசனக் கதையாக மட்டும் செய்கிறீர்கள் என்றால் டுவைன் என்ற மென்பொருள் போதும், இலவசம். படத்தோடு வேண்டுமானால் கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருள், அதுவும் இலவசம். தமிழ் எழுத்து வேண்டும் என்றால் கோடோவின் 4ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ எடுங்கள். 2023இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் கொம்பும் காலும் உரிய இடத்தில் உட்காருகின்றன. பழைய பதிப்பில் 'கொ' எழுதினால் கொம்பு ஒருபக்கம், ககரம் ஒருபக்கம் என்று நிற்கும்; எனக்கு ஒரு வாரம் அதில் போனது.

7. சாமியை பாஸ் ஆக்காதீர்கள்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை உச்சியில் குகைக்குள் சேர்வராயன் இருக்கிறார், கூடவே காவேரி அம்மன். மே மாதம் திருவிழா. மலைமேல் வாழும் மக்களுக்கு அவர் வீட்டுப் பெரியவர் மாதிரி. அவர் பெயரை எடுத்து, நூறு அடி அடித்தால் சாகிற எதிரியாக வைத்தால் பிரச்சினை வரும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். முதலில் அது சோம்பேறித்தனம். பெயரை விடுங்கள், மனிதர்கள் அவரோடு பழகும் விதத்தைக் கவனியுங்கள். கோபித்துக்கொள்கிறார்கள், முறையிடுகிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை போகாவிட்டால் மனசு உறுத்துகிறது என்கிறார்கள். அந்த உறவை உங்கள் கற்பனைத் தெய்வத்துக்குக் கொடுங்கள். அதேபோல, மலைக்காரர் என்றாலே மந்திரம் தெரிந்த கிழவர் என்று எழுதுவதும் வேண்டாம். மிளகு விலை இறங்கினால் கவலைப்படும் ஆளாக எழுதிப் பாருங்கள்.

ஏற்காட்டுக்கு 1820இல் காப்பிச் செடி கொண்டுவந்தவர் கலெக்டர் காக்பர்ன் என்று சுற்றுலாக் குறிப்புகளில் இருக்கும். அந்தச் செடிக்குக் குழி வெட்டியவர் பெயரை நான் எதிலும் படித்ததில்லை. கேமில் அவருக்குப் பெயர் வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

8. லெஜண்டை எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள்

செய்து முடித்ததும் லெஜண்ட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் தற்காலிகமாக அணைத்து வைத்துவிட்டு ஒரு சுற்று ஆடுங்கள். ஊர் நடக்கிறதா? டீ ஆறுகிறதா, பஸ் தாமதமாகிறதா, கொத்தனார் பாக்கி கேட்கிறாரா? நடந்தால் லெஜண்டைத் திரும்ப வையுங்கள். நடக்காவிட்டால் இரண்டாம் படிக்குப் போங்கள், மூன்றுக்கு அல்ல.

அப்புறம், கேமே ஆடாத ஒருவரை உட்கார வையுங்கள். பின்னால் நின்று விளக்காதீர்கள். அவர் யாரோடு அதிக நேரம் நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் அக்கா மகளையே மறுபடி உட்கார வைத்தேன். இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். லாந்தர் பக்கம் போவாள், மகளைக் கண்டுபிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் டீக்கடையில் தட்டுவடை செட்டு வாங்கினாள், இன்னொன்று வாங்கினாள், பெஞ்சில் உட்கார்ந்தாள். பொழுது இரவுக்கு மாறியது. அக்கா கடையிலேயே நின்றார்.

"மாமா, இவங்க வீட்டுக்கே போக மாட்டாங்களா?"

நோட்டைப் புரட்டினேன். அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தது.